டைட்டஸ்வில் பேனாக்கத்தி: ஐந்நூறு டாலரை எதில் போடுவது?

“அண்ணா, ஐந்நூறு டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கிரேட் ஈஸ்டர்ன் கத்தி ஒன்று வாங்குவதா, அதே பணத்துக்குக் கேஸ் கத்தி ஐந்தாறு வாங்குவதா?”

அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி உட்காரும் தம்பி போன மாதம் கேட்டான். இரண்டும் அமெரிக்காவில் பேனாக்கத்தி செய்யும் நிறுவனங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஆரஞ்சு உரிப்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் தொற்றிவிட்டது. பதில் சொல்லத் தொடங்கி, கிளீவ்லாண்டிலிருந்து டைட்டஸ்வில் வரை போய், எண்ணெய்க் கிணற்றில் இறங்கி ஏறி, மான்கொம்புக்கு வருவதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. மீதியை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

முதலில் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டும். அவன் கேட்டது நிறுவனத்தின் பெயரை வைத்து. ஆனால் இந்தச் சந்தையில் விலையை ஏற்றி இறக்குவது அலகின் அடியில் பொறித்திருக்கும் மாதிரி எண். ஒரே பட்டறை, ஒரே கைகள், ஒரே எஃகு. 15 என்ற எண் இருந்தால் அடிதடி, 73 என்று இருந்தால் கேட்க ஆளில்லை. நான் சொல்ல வருவது எல்லாம் இதில் அடக்கம்தான், இருந்தாலும் விவரமாகச் சொல்கிறேன்.

பேனாக்கத்தி என்று நாம் சொல்வது இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சிறு மடக்குக்கத்தியின் பெயர். இறகு போய், பென்சிலும் போய், கத்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதில் பூட்டு கிடையாது. முதுகுப்பக்கம் ஓர் எஃகு வில் உண்டு. அலகைத் திறந்தாலும் மூடினாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வது அதுதான். பிடியின் முனையில் உலக்கைக்குப் போடுவதுபோல ஒரு பூண், பெரும்பாலும் நிக்கல் சில்வர். உள்ளே பித்தளைத் தகடு, மேலே எலும்போ மரமோ. எல்லாம் ஆணி அடித்து இறுக்கியது. திருகாணி இல்லாததால் கழற்றிச் சரிசெய்ய வழியில்லை. செய்தவனின் கை சுத்தமாக இருந்தால் கத்தியும் சுத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அந்தக் குறையோடுதான் வாழ வேண்டும்.

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லை உலகம் அறிந்தது எண்ணெயால். 1859 ஆகஸ்டில் எட்வின் டிரேக் 69.5 அடி தோண்டி எண்ணெய் கண்டது அங்கேதான். எண்ணெய்க் கூட்டம் கலைந்த பிறகும் ஊரில் தங்கிவிட்ட தொழில்களில் கத்தித் தொழிலும் ஒன்று. ஷாட் அண்ட் மார்கன் என்ற பட்டறை அங்கே இருந்தது. அதில் வேலை பார்த்த மேஸ்திரிகள் சிலர் சேர்ந்து 1922இல் குயீன் சிட்டி என்ற பெயரில் தனிக்கடை போட்டார்கள். பிற்பாடு பழைய முதலாளியின் பட்டறையே அவர்கள் கைக்கு வந்தது. பழிவாங்கலில் இதைவிட நிதானமான வகையை நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் குயீன் நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. அதே ஊரில் 2006இல் பில் ஹோவர்டும் கென் டேனியல்ஸும் தொடங்கியதுதான் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி.

இவர்கள் வேலை செய்யும் முறையிலேயே தட்டுப்பாடு இருக்கிறது. ஒரு மாதிரியைக் கையில் எடுத்தால் அதற்கு வேண்டிய அலகு, வில், தகடு எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிக்கொள்வார்கள். எலும்புப் பிடியில் இத்தனை, கருங்காலியில் இத்தனை, மைக்கார்ட்டா என்ற பிசின் பலகையில் இத்தனை என்று செய்து முடித்து அடுத்த மாதிரிக்குப் போய்விடுவார்கள். அதே மாதிரி திரும்பி வரச் சில வருடங்கள் ஆகலாம். எந்தப் பிடியில் எத்தனை கத்தி செய்தோம் என்ற எண்ணிக்கையையும் அவர்களே வெளியிடுகிறார்கள். சேகரிப்பவனுக்கு இதைவிடப் போதை தரும் தகவல் உண்டா? “இந்த நிறத்தில் உலகத்திலேயே ஐம்பதுதான் இருக்கிறது” என்று விற்பவன் சொல்லும்போது, இது வேண்டும் என்று நினைப்பவர்களும் ஐம்பது பேர்தானா என்று கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அலகின் அடியில் 732213 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கம் மாதிரி (73), மூன்றாவது பூண்களின் எண்ணிக்கை (இரு முனையிலும் என்றால் 2), நான்காவது அலகுகளின் எண்ணிக்கை, கடைசி இரண்டும் ஆண்டு: 2013. கேஸ் நிறுவனத்தின் கணக்கு வேறு. அங்கே 6318 என்றால் 6 எலும்புப் பிடி, 3 மூன்று அலகு, 18 மாதிரி எண். ஆண்டைத் தனியாகப் புள்ளிகளால் குறிக்கிறார்கள். 1970இல் பத்துப் புள்ளியோடு தொடங்கி வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதன்முதலாக இதைப் புரிந்துகொண்ட இரவு வீட்டிலிருந்த ஒரே கேஸ் கத்தியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கிரேட் ஈஸ்டர்ன் கத்திகளுக்குள்ளேயே சில பெயர்கள் உண்டு. டிடியூட் என்பது பக்கத்து ஊரின் பெயர். பிற்காலத்தில் கேபார் என்று புகழ்பெற்ற கத்தி நிறுவனத்தின் வேர் அங்கேதான். நார்த்ஃபீல்ட் என்பது 19ஆம் நூற்றாண்டில் கனெக்டிகட்டில் இருந்த பழைய கத்தி நிறுவனத்தின் பெயர். இரண்டையும் இவர்கள் முத்திரையாக எடுத்துக்கொண்டார்கள். டிடியூட் எளிமையானது, நார்த்ஃபீல்ட் கொஞ்சம் மெருகு கூடியது. இரண்டுமே வழக்கமாக 1095 என்ற கார்பன் எஃகு. கிரேட் ஈஸ்டர்ன் என்ற சொந்தப் பெயர் பொறித்தவை பெரும்பாலும் 440சி என்ற துருப்பிடிக்காத எஃகு. டிடியூட்டுக்கும் நார்த்ஃபீல்டுக்கும் விலையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் உணர முடியாது என்பது என் அனுபவம். ஆரஞ்சுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

கடையில், அச்சிட்ட விலைக்கு, புதிதாக வாங்குவது முதல் வழி. நூறு டாலரிலிருந்து நூற்றைம்பதுக்குள் பல மாதிரிகள் முடிந்துவிடும். இந்த வேலைப்பாட்டுக்கு அது நியாயமான விலை, சொல்லப்போனால் மலிவு. சிக்கல் என்னவென்றால் நிறுவனம் நேராக விற்பதில்லை. முகவர்கள் சிலருக்குப் பிரித்துக் கொடுக்கும். அவர்களிடம் முன்பதிவுப் பட்டியல் இருக்கும், சிலர் குலுக்கல் நடத்துவார்கள், சிலர் முன்னறிவிப்பில்லாமல் கடையில் போடுவார்கள். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுத்த அனுபவம் இருந்தால் புரியும். பக்கம் திறந்து, கத்தியைத் தேர்ந்து, அட்டை எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இருப்பு இல்லை என்று வந்துவிடும். 15க்காக நான் ஒரு வருடத்தில் நான்கு முறை முயன்று நான்கு முறையும் தோற்றேன். ஐந்தாவது முறை கிடைத்தது, அதுவும் வேறு யாரோ வேண்டாம் என்று விட்டது. பொறுமை இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எனக்குப் பொறுமை வயதாகித்தான் வந்தது.

இரண்டாவது வழி, அப்படி வாங்கியவனிடமிருந்து வாங்குவது. வந்த வாரத்திலேயே இரட்டிப்பு விலைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 15, 77, 86, 78 போன்றவற்றுக்கு இந்த விலை ஏற்றம் வழக்கம். ஏன் இவை என்றால், பெரும்பாலும் ஒற்றை அலகு, மூன்றரை அங்குலத்தை ஒட்டிய நீளம், இன்றைய கால்சட்டைப் பையில் கைப்பேசியோடு சண்டை போடாமல் கிடக்கும். 15 மூடியபடி மூன்றரை அங்குலம். உள்ளங்கையில் வைத்தால் அது இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று தோன்றும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோற்றத்துக்கு நூற்றைம்பது, இருநூறு டாலர் கூடுதலாகக் கொடுக்கும்போது அது பட்டறைக்குப் போவதில்லை, செய்த மனிதருக்கும் போவதில்லை. என்னைவிட வேகமாக விசையைத் தட்டியவனுக்குப் போகிறது. அந்த எரிச்சலை என்னால் விழுங்க முடிவதில்லை. உன்னால் முடியும் என்றால் வாங்கிக்கொள், கத்தியில் குறையில்லை.

மூன்றாவது வழிக்குத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்: யாரும் கேட்காத மாதிரிகளைப் பழையதாக வாங்குவது. 73 ஆரம்ப வருடங்களிலேயே வந்த மாதிரி. இரண்டு அலகு, மூடினால் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், பையில் கனமாக உட்காரும். 53, கியூபன் ஸ்டாக்மேன் என்பார்கள்; நான்கு அங்குலம், பொதுவாக மூன்று அலகு, கொழுத்த பெருச்சாளி மாதிரி இருக்கும். 12 என்பது ஐந்து அங்குலம், டூத்பிக் என்று பெயர். பல் குத்துகிற ஆளைப் பார்க்கத்தான் ஆசை. இவற்றைப் பண்ணையில் வேலை செய்கிறவன் பயன்படுத்தினான். ஓர் அலகு தோல் உரிக்க, இன்னொன்று கயிறு அறுக்க, மூன்றாவது அவன் பூட்ஸில் ஒட்டியதைச் சுரண்ட. இன்று வாங்குகிறவர்களில் கன்றுக்குட்டி வளர்ப்பவர்கள் குறைவு, கணினி முன் உட்காருகிறவர்கள் அதிகம். ஆகவே பெரிய கத்திகள் அச்சிட்ட விலைக்கே, சில நேரம் அதற்கும் கீழே, பல மாதங்கள் விற்காமல் கிடக்கின்றன.

பெரிய கத்தி செய்வது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே வில்லின் மேல் இரண்டு அலகு உட்கார வேண்டும், ஒன்றையொன்று உரசக் கூடாது, இரண்டும் மூடியிருக்கும்போது நுனி வெளியே நீட்டக் கூடாது. அதற்காக அலகுகளை லேசாக வளைக்க வேண்டியிருக்கும். ஒற்றை அலகுக் கத்தியில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதாவது, அதிக வேலை வாங்குகிற கத்திக்குக் குறைந்த விலையும் குறைந்த வேலை வாங்குகிற கத்திக்கு இரட்டிப்பு விலையும் நடக்கிறது. சந்தை முட்டாளாக இருக்கும் இடத்தில் வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

என் பையில் இருக்கும் 73 அப்படி வந்ததுதான். எலும்புப் பிடி, பழுத்த அத்திப்பழ நிறம். திறக்கும்போது பாதி வழியில் அலகு செங்கோணத்தில் ஒரு முறை நின்று, பிறகு முழுதாகத் திறக்கும். நிற்கும்போது ஒரு சத்தம், திறந்து முடியும்போது ஒரு சத்தம். சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் போல. இதைச் சேகரிப்பவர்கள் ‘வாக் அண்ட் டாக்’ என்பார்கள். வில்லின் முதுகை நகத்தால் தடவினால் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூணோடு சமமாக இருக்கிறது, எங்கும் இடறவில்லை. கையால் இழைத்துக் கொண்டுவந்தவரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பழையது வாங்குவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. என் முதல் பழைய கத்தியை “ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது” என்று ஒருவர் விற்றார். குழாய் மாதிரியான அட்டை உறையோடு, சீட்டு ஒட்டியபடி, பத்திரமாக வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் ஆணிக்குப் பக்கத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல் கண்ணில் பட்டது. எலும்பு உலர்ந்து சுருங்கும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் சுருங்கும். ஆணி மட்டும் அசையாது. விரிசலின் மேல் எண்ணெய் தடவி மறைத்திருக்கிறார்கள். திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு படம் அனுப்பச் சொல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

என்ன படம் கேட்க வேண்டும்? ஒவ்வோர் ஆணியையும் அருகில் எடுத்த படம். மூடிய கத்தியின் வாய்ப்பக்கம், அலகின் நுனி உள்ளே அமிழ்ந்திருக்கிறதா என்று பார்க்க. முதுகுப்பக்கம் விளக்குக்கு எதிரே பிடித்து எடுத்தது. வில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் விட்டுவிடு. அலகின் மேல் அச்சிட்ட எழுத்து முழுதாக இருக்கிறதா, பாதி தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எழுத்து போய் அலகு மட்டும் கண்ணாடி போல மின்னினால் யாரோ எந்திரத்தில் கொடுத்து மெருகேற்றியிருக்கிறார்கள், கீழே துரு இருந்திருக்கலாம். கடைசியாக, அலகின் வெட்டுவாயை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு படம். இந்தக் கத்திகளில் வில் பலமானது. மூடும்போது அலகை விரலால் தாங்காமல் விட்டுவிட்டால் ‘டப்’ என்று விழுந்து வெட்டுவாயின் ஓரிடம் உள்ளே இருக்கும் வில்லில் மோதும். மோதிய இடம் மழுங்கி, விளக்கில் ஒரு புள்ளியாக மின்னும். சாணைக்கல்லில் தீர்க்கலாம், ஆனால் அதைக் காட்டி விலையில் பத்து இருபது குறைக்கலாம்.

கேஸ் பற்றிக் கேட்டாய். டைட்டஸ்வில்லிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பிராட்ஃபோர்ட் என்ற ஊர். அதே பென்சில்வேனியா, ஆனால் பெரிய தொழிற்சாலை. 1993இலிருந்து ஸிப்போ லைட்டர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அறுபதிலிருந்து நூறு டாலருக்கு, எந்த நாளிலும், வரிசையில் நிற்காமல் கிடைக்கும். பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகு. கார்பன் வேண்டும் என்றால் சிவி என்று குறித்ததைப் பார்த்து வாங்க வேண்டும். கையில் எடுத்தால் நல்ல கத்திதான். ஆனால் பத்துக் கத்தி எடுத்தால் இரண்டில் வில் சமமாக இருக்காது, ஒன்றில் எலும்புக்கும் பூணுக்கும் இடையில் நகம் நுழையும். கடையில் நேரில் பார்த்துப் பொறுக்கி எடுத்தால் இந்தக் குறை இல்லை. அலகை நகத்தைக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும், கேஸில் வில் மென்மையாக இருப்பதால் வயதானவர்களுக்கும் நகம் வளர்க்காதவர்களுக்கும் நான் கேஸைத்தான் சொல்வேன். ஐந்தாறு கேஸ் வாங்கினால் என்ன ஆகும்? ஐந்தாவது கத்தி மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஒன்று போதும்.

மூடப்பட்ட குயீன் நிறுவனத்தின் கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதே டைட்டஸ்வில், கிரேட் ஈஸ்டர்னுக்கு ஒரு விதத்தில் தாய்வீடு. டி2 என்ற எஃகைப் பேனாக்கத்தியில் போட்டவர்கள். கூர் பல நாள் நிற்கும், ஆனால் ஒருமுறை மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் ஏற்றுவதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். விண்டர்பாட்டம் எலும்பு என்று புழு அரித்த கோடுகள் மாதிரி ஒரு செதுக்கு இவர்களுடைய அடையாளம். அதைப் பிடித்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. கடைசி வருடங்களில் வேலைப்பாடு ஏறியும் இறங்கியும் இருந்தது. கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் வாங்கலாம், படத்தை மட்டும் பார்த்து வேண்டாம்.

இங்கிலாந்தின் கத்தி நகரமான ஷெஃபீல்ட் இந்த ஐந்நூறு டாலர் கணக்குக்குள் அரைகுறையாகத்தான் வரும். ஸ்டான் ஷா போன்ற தனிக் கைவினைஞர்களின் கத்திக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் 2021இல் காலமானார். இப்போது அவருடைய கத்தி சேகரிப்பு என்பதைத் தாண்டி அருங்காட்சியகப் பேச்சு. ஆனால் ஆர்தர் ரைட் அண்ட் சன் இன்னும் எளிய கத்திகளைக் குறைந்த விலைக்குச் செய்கிறார்கள். கொஞ்சம் முரடாக இருக்கும், அந்த முரட்டுத்தனத்துக்கென்றே விசிறிகள் உண்டு.

பிடிக்கு வருகிறேன். மாட்டின் கால் எலும்பு வேண்டாம் என்கிற வீடுகள் உண்டு. கருங்காலி, கோகோபோலோ போன்ற மரங்களிலும், துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திய மைக்கார்ட்டாவிலும் தாராளமாகக் கிடைக்கிறது. (கருங்காலி மாலை விற்கும் விலையைப் பார்த்தால் கருங்காலிக் கத்தி லாபம்.) மைக்கார்ட்டா சுருங்காது, விரியாது, வியர்வைக்கு அஞ்சாது, உழைக்கிற கத்திக்கு அதுதான் சரி. ரொம்பப் பழைய கத்திகளில் செல்லுலாய்டு பிடி இருந்தால் அழகைப் பார்த்து மயங்காதே. அது காலப்போக்கில் சிதைந்து அமிலப் புகை விடும், தன் அலகை மட்டுமில்லாமல் பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

மான்கொம்புக்கு எப்போதும் தனி விலை. அதில் உச்சம் சாம்பார் ஸ்டாக் என்று சொல்கிறார்கள். சாம்பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பர் என்ற இந்தியக் கடமான், நம் மலைப்பக்கத்தில் மிளா என்பார்களே, அதன் கொம்பு. பிற மான்களின் கொம்பு உள்ளே பஞ்சு மாதிரி பொறுபொறுவென்று இருக்கும். மிளாவின் கொம்பு கிட்டத்தட்ட உள்வரை கெட்டி, அதனால் மெலிதாக இழைத்தாலும் உடையாது. ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் தலைமுறைகளாக அதைக் கப்பல் கப்பலாக வாங்கின. இந்திய அரசு 1990களின் இறுதியில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, உதிர்ந்த கொம்புக்கும் சேர்த்து. அதற்குப் பிறகு புழங்குவது பழைய இருப்பு என்றுதான் சொல்லி விற்கிறார்கள். முதுமலைக் காட்டில் மிளாவை நேரில் பார்த்தவன் நான். அந்தக் கொம்புக்கு இருநூறு டாலர் கூட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, ஊருக்குப் போகும்போது காட்டுவிலங்கின் கொம்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சுங்க அதிகாரியிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கவும் விருப்பமில்லை.

எஃகு. 1095இல் கூர் ஏற்றுவது சுகம். இரண்டு டாலர் கல்லில் பத்து இழுப்பு இழுத்தால் காகிதத்தை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கார்பன் எஃகு கறுக்கும். வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கிய அம்மாவின் அரிவாள்மனை என்ன நிறத்தில் இருந்தது என்று யோசித்துப்பார், அதே நிறம்தான். முதல் ஆரஞ்சிலேயே கறுப்புத் திட்டு வரும், ஆப்பிள் வெட்டினால் சாம்பல்நீலம். அது துரு இல்லை, துருவுக்கு எதிரான போர்வை. சிவப்பாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அலகு வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பவன் 440சி வாங்கலாம், அல்லது வாங்கிய கத்தியால் எதையும் வெட்டாமல் இருக்கலாம். இரண்டாவது வகை ஆட்கள் இந்தத் துறையில் நிறைய.

எண்ணெய் விஷயத்தில் நான் செய்த தவற்றை நீ செய்யாதே. புதிதாக வந்த கத்தியில் அலகு திரும்பும் முளைக்கு வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். கோடையில் வெண்ணெய் மாதிரி திறந்தது. ஜனவரியில் ஒரு நாள் இரவு முழுக்கக் காரில் மறந்துவிட்டேன். காலையில் அலகு அசையவே இல்லை. பெண்கள் தலைக்கு வைக்கும் எண்ணெய் டப்பா மார்கழியில் உறைந்திருக்குமே, அதே கதை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கெட்டியாகிவிடும், ஓஹியோவின் ஜனவரியில் கேட்கவே வேண்டாம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு, திறந்து மூடி, உள்ளே இருந்த பிசுக்கை எடுக்க அரை நாள் ஆனது. மருந்துக்கடையில் விற்கும் மினரல் ஆயில் போதும். வெட்டுகிற பொருள் உணவு என்பதால் எந்திர எண்ணெயும் வேண்டாம். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதே, பூணும் பித்தளையும் பச்சை பிடிக்கும்.

சரி, ஐந்நூறு டாலர். எலும்பிலோ மைக்கார்ட்டாவிலோ ஒரு 73, பழையது, படம் பார்த்து, நூற்றிருபதுக்குள். எழுபது எண்பதுக்கு ஒரு கேஸ், கடையில் நேரில் பொறுக்கியது, சிவி எஃகு. இரண்டு முகவர்களிடம் 15க்குப் பெயரைப் பதிந்து வை. வரும்போது அச்சிட்ட விலைக்கு வரட்டும், வராவிட்டால் போகட்டும். மீதி முன்னூறை வங்கியிலேயே விட்டுவிடு. ஆறு மாதம் இரண்டையும் பையில் மாற்றி மாற்றி வைத்தால் உனக்கு எந்த நீளம், எத்தனை அலகு, எந்தப் பிடி ஒத்துவருகிறது என்று கைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இரட்டிப்பு விலை கொடுக்கத் தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அவன் பாதிதான் கேட்டான். கேஸ் வாங்கவில்லை. 73 வாங்கினான், 2009 என்று பொறித்தது, யாரோ பல வருடம் உழைத்த கத்தி, அலகு முழுக்கச் சாம்பல் நிறம். போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தான். வலது கட்டைவிரல் நகம் குறுக்கே உடைந்து பிளாஸ்திரி போட்டிருந்தான். வில் அவ்வளவு இறுக்கம். நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டு அலகும் ஆடவில்லை. சின்ன அலகின் வெட்டுவாயில் ஒரு புள்ளி மின்னியது, சொன்னேன், கல்லில் போய்விடும் என்றேன். அவன் பெரிய அலகை மேசை விளிம்பில் நகக்குழியைக் கொடுத்துத் திறந்து, என் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினான். பாதி உரித்ததும் நிறுத்தினான்.

“அண்ணா, வில்லுக்கு நடுவில் தோல் சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பது?”

உணவகத்திலிருந்து எடுத்து வந்திருந்த பல்குச்சியை நீட்டினேன்.